சளியில் டிபி கிருமி இல்லையென்றால் பூஞ்சையையும் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். காசநோய், ஆஸ்துமா, நிமோனியா, புகைப்பழக்கம் என்று நுரையீரலைப் பற்றி எவ்வளவோ வந்திருக்கிறது. நுரையீரலில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றி மட்டும் படித்த ஞாபகம் இல்லை. கொரோனா சமயத்தில் கறுப்புப் பூஞ்சை, கறுப்புப் பூஞ்சை என்று கொஞ்ச நாள் எல்லோரும் பேசினோம், அப்புறம் அதையும் மறந்துவிட்டோம். பூஞ்சை என்ற வார்த்தை யாருக்கும் தோன்றாமல் போனதால் என் அண்ணன் விஷயத்தில் ஒன்றரை வருடம் வீணானது. அதனால் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு முன்பு ஒருமுறை டிபி வந்தது. ஆறு மாத மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டு முடித்தார், சளியில் கிருமி இல்லை என்று வந்தது, வேலைக்குத் திரும்பிவிட்டார். ஏழு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தது. காலையில் இருமல், சாயங்காலம் ஆனால் அடித்துப் போட்டதுபோல அசதி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டிய அளவுக்கு எடை குறைவு. ஒருநாள் காலையில் குழாயை வெகுநேரம் திறந்துவிட்டு வாஷ்பேசினைக் கழுவிக்கொண்டே இருந்தார். என்ன இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்தால் பேசின் ஓரத்தில் நூல் நூலாக இரத்தம். மூன்று வாரமாக வருகிறதாம். எங்களிடம் சொல்லாமல் தினமும் கழுவிவிட்டிருக்கிறார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். "பழைய டிபி திரும்பிவிட்டது" என்றார்கள். சளியை மூன்று முறை பரிசோதித்தார்கள், மூன்று முறையும் கிருமி இல்லை. சிலருக்குச் சளியில் தெரியாது என்று சொல்லி மறுபடியும் டிபி மாத்திரை. முதலில் அப்படி முடிவெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், சளியில் அகப்படாத டிபியும் உண்டுதான். ஆனால் நான்கு மாதம் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, இருமல் குறையவில்லை, இரத்தம் நிற்கவில்லை என்ற பிறகும் யாரும் வேறு எதையும் யோசிக்காமல் அதே மாத்திரை தொடர்ந்ததும், அதற்கு நடுவே மூன்று தடவை விதவிதமான ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது அண்ணனுக்கு மட்டும் நடந்ததாக இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் நுரையீரல் டிபி என்று பதிவானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆய்வகத்தில் கிருமி உறுதியாகவில்லை, எக்ஸ்ரேயையும் அறிகுறியையும் வைத்தே சிகிச்சை நடந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே டிபி இருந்திருக்கலாம். டிபி போலவே வேஷம் போடும் பூஞ்சையும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்து நாங்கள் பார்த்த நுரையீரல் மருத்துவர் ஒரு வார்த்தைகூடச் சொல்வதற்கு முன்னால் பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கேட்டார். வீட்டில் ஒரு உறையில் மடங்கிக் கிடந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தேதி வரிசைப்படி விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகினார். முதல் படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெறும் குழி, டிபி அரித்துவிட்டுப் போன இடம். அடுத்த படத்தில் குழியின் சுவர் தடித்திருக்கிறது. கடைசிப் படத்தில் குழிக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை, அந்த உருண்டைக்கு மேல் பிறை நிலா மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. அந்தக் கீற்று காற்று, உருண்டை பூஞ்சை. சி.டி. ஸ்கேனில் மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு முறை, குப்புறப் படுக்கவைத்து ஒரு முறை எடுத்தார்கள். உருண்டை குழிக்குள் இடம் மாறிக் கீழே விழுந்திருந்தது. இரத்தத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. என்ற ஒரு பரிசோதனை, அதாவது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை அளப்பது, அதில் அளவு மிக அதிகம். ஒன்றரை வருடக் குழப்பம் பத்து நாளில் தீர்ந்தது. நோயின் பெயர் நாள்பட்ட நுரையீரல் அஸ்பெர்ஜில்லோசிஸ்.

அஸ்பெர்ஜில்லஸ் என்பது எங்கேயோ காட்டிலிருந்து வரும் பூச்சாண்டி இல்லை. மட்கும் இலை, மண், ஈரம் ஏறிய சுவர், தூசி என்று எல்லா இடத்திலும் இருக்கும் சாதாரணப் பூஞ்சணம். 1729-ல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியைப் போல இருக்கிறதே என்று இந்தப் பெயரை வைத்தார். இதன் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறு. மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடும். நாம் எல்லோருமே தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நல்ல நுரையீரலும் நல்ல எதிர்ப்புச் சக்தியும் இருந்தால் வெள்ளை அணுக்கள் அவற்றைத் தின்று முடித்துவிடும். பழைய டிபி குழிக்குள் இரத்த ஓட்டம் சரியாகப் போகாது, வெள்ளை அணுவும் எட்டாது. காலி வீட்டில் குடியேறுகிற மாதிரி அங்கே பூஞ்சை குடியேறிவிடும். 1960-களில் பிரிட்டனில், டிபி முடிந்த பிறகும் 2.5 செ.மீ. அல்லது அதற்குப் பெரிய குழியோடு இருந்த 544 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் 11 சதவீதம் பேருக்கும், சில வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது 17 சதவீதம் பேருக்கும் பூஞ்சைப் பந்து இருந்தது. இவ்வளவு பழைய தகவல் இது. இன்னமும் டிபி மாத்திரை முடிகிற அன்று, "குழி இருக்கிறது, பின்னால் இருமலோ இரத்தமோ வந்தால் பூஞ்சைக்கும் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நுரையீரல் பூஞ்சை எல்லோரிடமும் ஒரே முகத்தோடு வருவதில்லை. ஆஸ்துமாக்காரர்களிடம் இதே அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமையாக வேலை செய்கிறது. இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தும் வீசிங் அடங்காமல் இருப்பது, மாதத்துக்கு இரண்டு தடவை நெபுலைசர் வைக்க வேண்டியிருப்பது, இருமும்போது பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மூச்சுக்குழாயின் அச்சிலேயே வார்த்த மாதிரி சளிக்கட்டி வெளியே வருவது, எக்ஸ்ரேயில் நிழல் இன்று ஒரு பக்கம், அடுத்த மாதம் வேறு பக்கம் என்று மாறி மாறித் தெரிவது இவையெல்லாம் அதன் அடையாளம். அந்த நிழலைப் பார்த்துத்தான் இவர்களுக்கும் பல பேர் டிபி மாத்திரை எழுதிவிடுகிறார்கள். இரத்தத்தில் ஒவ்வாமையின்போது கூடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவும் அஸ்பெர்ஜில்லஸுக்கான ஐ.ஜி.இ. அளவும் பார்த்தால் விஷயம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துவிடும், விரிந்தது திரும்பச் சுருங்காது. இதற்குச் சிகிச்சை சில மாதம் அளவு குறைத்துக்கொண்டே வரும் ஸ்டீராய்டு மாத்திரை, அல்லது நான்கு மாதம்போல இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, சிலருக்கு இரண்டும் சேர்த்து.

உடனே ஓட வேண்டிய வகை வேறு. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வெள்ளை அணு அடியோடு குறைந்தவர்கள், எலும்பு மஜ்ஜையோ உறுப்போ மாற்றியவர்கள், வாரக்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், கடுமையான ஃப்ளூ அல்லது கொரோனாவில் ஐ.சி.யு. வரை போனவர்கள். இவர்களிடம் பூஞ்சை குழியைத் தேடிப் போவதில்லை, நல்ல நுரையீரலுக்குள்ளேயே ஊடுருவி இரத்தக் குழாயை உடைத்துக்கொண்டு போகிறது. ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறது, சளியில் இரத்தம் என்றால் அன்றைக்கே சி.டி. ஸ்கேன் கேட்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் இல்லாததுபோல இருந்து ஏமாற்றிவிடும். ஸ்கேனில் கட்டியைச் சுற்றி ஒளிவட்டம் போல மங்கலாகத் தெரிந்தால் அது சுற்றிலும் கசிந்த இரத்தம். கேலக்டோமேனன் என்று பூஞ்சையின் சுவரிலிருந்து உதிரும் ஒரு பொருளை இரத்தத்திலோ, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி வழியாகக் கழுவி எடுத்த நீரிலோ தேடுவார்கள். கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவுக்காக ஒரு வாரம் காத்திருக்கும் நோய் இல்லை இது, சந்தேகம் பலமாக இருந்தாலே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், தொடங்கத்தான் வேண்டும்.

கறுப்புப் பூஞ்சை என்று நாம் பெயர் வைத்த மியூகோர்மைகோசிஸும் நுரையீரலுக்கு வரும். அந்தப் பூஞ்சை கறுப்பு இல்லை, அது இரத்த ஓட்டத்தை அடைத்துச் சாகடித்த சதைதான் கறுப்பாகிறது. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இரத்தத்தில் அமிலம் ஏறியவர்களையும் வெள்ளை அணு குறைந்தவர்களையும் பிடிக்கிறது, நாள்கணக்கில் பரவுகிறது. கேலக்டோமேனன் பரிசோதனையில் இது தெரியாது, அஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இதை ஒன்றும் செய்யாது. லிபோசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஊசியும், முடிந்தால் கெட்ட பகுதியை வெட்டி எடுப்பதும்தான் வழி. எந்தப் பூஞ்சை என்று தெரிவது ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள், அதிலும் சி.டி.4 என்ற வகை வெள்ளை அணுக்களின் அளவு 200-க்குக் கீழே போனவர்கள், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததாக வெளியான சிறு அறிக்கையிலிருந்துதான் எய்ட்ஸ் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. வறட்டு இருமல், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் மூச்சிரைப்பு. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் சரியாகக் காட்டும், பத்தடி நடந்ததும் சரசரவென்று இறங்கும். எக்ஸ்ரே கிட்டத்தட்ட சுத்தமாகக்கூட இருக்கலாம். இது பூஞ்சைதான், ஆனால் மற்றப் பூஞ்சை மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இதனிடம் இல்லை, அதனால் கோட்ரைமாக்சசோல் என்ற பழைய மாத்திரைதான் மூன்று வாரம் கொடுப்பார்கள். ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தவர்களுக்கு ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நுரையீரல் வழியாக நுழைந்து மூளைக்குப் போகும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு விடாத தலைவலி வந்தால் இரத்தத்தில் அதற்கான ஆன்டிஜென், அதாவது அந்தப் பூஞ்சையிலிருந்து உதிரும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வௌவால் குகைக்கோ பறவை எச்சம் குவிந்த பழைய கட்டடத்துக்கோ போய் வந்து சில வாரத்தில் காய்ச்சல், இருமல் என்றால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையாக இருக்கலாம், அதுவும் டிபி போலவே தெரியும். மருத்துவரிடம் போய்வந்த இடத்தைச் சொல்லாவிட்டால் அவருக்கு அது எப்படித் தோன்றும்?

இதற்கு நேரெதிரான தவறையும் சொல்லிவிடுகிறேன். சளிக் கல்ச்சரில் கேண்டிடா என்ற பூஞ்சை வந்துவிட்டால் உடனே நுரையீரலில் பூஞ்சை என்று பயந்து மருந்தகத்தில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேண்டிடா வாயிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே இருப்பது, சளி அந்த வழியாகத்தானே வெளியே வருகிறது. அது நுரையீரலைத் தாக்குவது மிக அபூர்வம். ஃப்ளூகோனசோல் அஸ்பெர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது என்பதையும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பூஞ்சை மாத்திரை என்று பொதுவாக ஒன்று கிடையாது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நாங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். பாக்டீரியாவைக் கொல்ல எத்தனையோ மருந்து இருக்கிறது, பூஞ்சைக்குக் கைவிரலில் எண்ணும் சில குடும்பங்கள்தான். பூஞ்சையின் செல் அமைப்பு பாக்டீரியாவை விட நம் செல்லுக்கு நெருக்கம், அதனால் அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் பதம் பார்க்கும். ஊடுருவும் அஸ்பெர்ஜில்லஸுக்கு முன்பு ஆம்போடெரிசின்தான் கதி. 2002-ல் வெளியான ஒப்பீட்டில் 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வோரிகோனசோல் எடுத்தவர்களில் 71 சதவீதம், ஆம்போடெரிசின் எடுத்தவர்களில் 58 சதவீதம். அதிலிருந்து சிகிச்சையே மாறியது. அண்ணனைப் போன்ற நாள்பட்ட வகைக்கு இட்ராகோனசோல் அல்லது வோரிகோனசோல், குறைந்தது ஆறு மாதம், பலருக்கு அதற்கும் மேலே.

அண்ணனுக்கு மருந்தை அன்றைக்கே தொடங்கவில்லை. டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்தப் பூஞ்சை மருந்தை உடம்பில் தங்கவிடாமல் கரைத்துவிடுமாம். டிபி இல்லை என்று உறுதிசெய்து அதை நிறுத்தி, இரண்டு வாரம் காத்திருந்துதான் ஆரம்பித்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்களே முடிவுகட்டியிருப்போம். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். அண்ணன் நெஞ்செரிச்சலுக்கு வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை இதைக் கெடுத்துக்கொண்டிருந்தது, முதல் மாத இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு பாதிகூட இல்லை என்று வந்த பிறகுதான் அது தெரிந்தது. வோரிகோனசோலுக்கு நேர்மாறு, அது வெறும் வயிற்றில், வெயிலில் அதிகம் நடமாடக் கூடாது, பார்வை கொஞ்ச நேரம் மங்கலாகலாம். இரண்டுக்குமே கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது வேண்டும். கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் இட்ராகோனசோல் எடுக்கிறவர்கள் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும், இதயத்தைப் பாதிக்கக்கூடியது. சில கொழுப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், ஏன், புடெசோனைட் இன்ஹேலரோடுகூட மோதும். இன்ஹேலர்தானே என்று சொல்லாமல் விட்டு முகம் வீங்கிப்போனவர்கள் உண்டு. சாப்பிடும் அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டிவிடுங்கள்.

நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது மாதமே நிறுத்தப் பார்த்தார் அண்ணன். அண்ணிதான் விடவில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், அரைகுறையாகச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத பூஞ்சை உருவாகும் அபாயமும் உண்டு. பந்து ஒன்றே ஒன்றாக, மற்ற நுரையீரல் நன்றாக இருந்தால் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம், அது முழுக் குணம். அண்ணனுக்கு மூச்சுத் திறன் போதவில்லை என்பதால் அந்த வழி இல்லை. இரத்தம் ஒரு முறை அதிகமாக வந்தபோது தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி, கசியும் தமனியை அடைத்தார்கள். இரத்தம் ஒரு கப் அளவுக்கு வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, நேரே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, அண்ணனை எங்கள் வீட்டிலேயே ஒன்றரை வருடம் தனி அறையில் வைத்திருந்தோம், அவர் தன் குழந்தைகளைப் பக்கத்தில் விடமாட்டார். அஸ்பெர்ஜில்லஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மருத்துவர் அதைச் சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அப்போ சின்னவளைத் தூக்கலாமா?" என்பதுதான். அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில்தான் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளுக்கென்று ஒரு பட்டியல் வெளியிட்டது. மொத்தம் 19 பூஞ்சைகள், அதில் மிக அவசரம் என்று குறித்த நான்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸும் கிரிப்டோகாக்கஸும் இருக்கின்றன, இரண்டுமே மூச்சு வழியாக நுழைகிறவை. ஆசிரியர் அவர்களே, டிபி பற்றி அடுத்தமுறை எழுதும்போது, டிபி முடிந்த பிறகு வரும் இந்த நோயைப் பற்றியும் ஒரு நுரையீரல் மருத்துவரைக் கேட்டு அரைப்பக்கம் போடுங்கள். வாசகர்களுக்கு நான் சொல்வது, சளியில் கிருமி இல்லாமலேயே இரண்டாவது முறை டிபி மாத்திரை தொடங்கச் சொன்னாலோ, இரண்டு மாதம் சாப்பிட்டும் உடம்பு தேறாவிட்டாலோ, "டாக்டர், பூஞ்சையாக இருக்குமா, அதற்கு ஒரு சி.டி. ஸ்கேனும் அஸ்பெர்ஜில்லஸ் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், கேளுங்கள், அவ்வளவுதான். ஸ்டீராய்டு மாத்திரையை மூச்சிரைப்புக்கென்று நீங்களே வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி எழுதி ஒரே உறையில் மடங்காமல் வையுங்கள்.

அண்ணன் இப்போது பதினோராவது மாத மாத்திரையில் இருக்கிறார். எடை ஆறு கிலோ ஏறியிருக்கிறது. போன மாத ஸ்கேனில் உருண்டை இன்னும் இருக்கிறது, ஆனால் குழியின் சுவர் மெலிந்திருக்கிறது, கடைசியாக இரத்தம் வந்து ஐந்து மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்